சந்தனசாமியின் கடைசி நோய்

அரபும் பாரசீகமும் ஒன்றுதானே என்று யாராவது சொன்னால் எனக்கு உச்சி மண்டையில் சுர்ரென்று ஏறும். ஜொகூர் பாருவில் நான் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கும் மருத்துவமனையில் சேர்ந்த புதிதில், நிர்வாகத்து ஆள் ஒருவர் என்னையும், என்னோடு சேர்ந்த அட்ரியனையும் மேலும் கீழும் பார்த்தார். மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி படிக்கத் தெரிந்தவர். "எழுத்து ஒண்ணுதானே லா? இதுக்கு எதுக்கு ரெண்டு ஆளு?" என்றார். "இப்ப மலாயும் வியட்நாம் பாஷையும்கூட ஒரே ஏபிசிடி எழுத்துதான். வியட்நாம்காரன் பேசினா உங்களுக்குப் புரியுமா?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற அட்ரியன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவதுபோல நடித்தான். எங்கள் சிநேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

என் பெயர் சிகப்பி. பாரசீகம் எனக்கு, அரபு அவனுக்கு. ஸ்கூடாயில் படிக்க வரும் ஈரானியர்கள், யேமன்காரர்கள், வேலைக்கு வந்த ஈராக்கியர்கள் என்று யாருக்கு நோய் வந்தாலும் டாக்டருக்கும் அவர்களுக்கும் நடுவில் நாங்கள் நிற்போம். என்னை அப்பா கணக்கியல் படிக்க டில்லிக்கு அனுப்பினார். நான் பாரசீகம் படித்துவிட்டு வந்தேன். "செட்டி வீட்டுப் பொண்ணு பாரசீகம் படிச்சு எந்த ஷாவுக்கு வரவு செலவு எழுதப் போறே?" என்று ஒரு வருஷம் கத்தினார். அட்ரியன் கதை வேறு. அவன் அம்மா பேட்ரிசியா குவைத்தில் நர்ஸ். போர் வந்து ஊர் திரும்பும்வரை அவன் வளர்ந்தது அந்தத் தெருக்களில்தான். பந்து விளையாடிக் கற்ற அரபு அவனுடையது.

மருந்தகத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள். ஆள் வராத நேரமெல்லாம் சண்டைதான்.

"பாரசீகம் நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி," என்பேன். "வினைச்சொல் கடைசியிலதான் வரும், தமிழ் மாதிரியே. பெரியவங்களைப் பன்மையில சொல்லும், தமிழ் மாதிரியே. கேக்கறதுக்கு 'காது கொடு'ம்பாங்க. வருத்தப்படறதுக்கு 'துக்கம் தின்னு'ம்பாங்க. இதைவிட என்ன வேணும்?"

"அதுதான் ஆச்சி அதுல உள்ள கோளாறு," என்பான். என்னைவிட இரண்டு வயது சின்னவன். செட்டியார் வீட்டுப் பெண் என்பதால் என்னை ஆச்சி என்றே கேலியாகக் கூப்பிடுவான். "அரபுக்காரன் வாசப்படியிலயே விஷயத்தைச் சொல்லிடுவான். 'செத்தான் உன் மாமன்.' முடிஞ்சது. நீங்களும் பாரசீகமும் வந்து உக்காந்து, காப்பி குடிச்சு, 'மாமா நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரியில'ன்னு இழுத்து, செருப்பு மாட்டறப்பதான் 'செத்துட்டார்'ம்பீங்க. கேக்கறவனுக்கு நெஞ்சு நின்னுடாது?"

"அவனா அவளா என்ற பேதமே பாரசீகத்தில் கிடையாது, இரண்டுக்கும் ஒரே சொல்தான்" என்று ஒருநாள் ஒரு டாக்டரிடம் விளக்கினேன். அட்ரியன் குறுக்கே விழுந்தான். அரபில் 'வா' என்று கூப்பிட்டாலே கூப்பிடப்பட்டது ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும் என்றான். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நழுவினார்.

இந்தச் சண்டையே ஒரு புத்தகம் ஆனது. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான கையேடு. ஒரு வாக்கியம், பக்கத்தில் அதன் அரபு, அதற்குப் பக்கத்தில் பாரசீகம், கீழே இரண்டும் எங்கே ஒட்டுகின்றன, எங்கே வெட்டுகின்றன என்ற விளக்கம். எல்லா வாக்கியத்துக்கும் ஒரே நோயாளி: சந்தனசாமி. அட்ரியனின் அப்பா. சாஆ பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, ஒரு தும்மல்கூடப் போடாமல் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்த புண்ணியவான். "உசுரோட இருந்தப்ப ஒரு மாத்திரைகூட தின்னதில்ல. புத்தகத்திலயாவது அனுபவிக்கட்டும்," என்பான் மகன். அத்தியாயத்துக்கு அத்தியாயம் சந்தனசாமிக்குப் பல்வலி வந்தது, மூலம் வந்தது, இரண்டு மொழியிலும் பிரசவ வலிகூட ஒருமுறை தவறுதலாக வந்தது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

கடைசி அத்தியாயம் மட்டும் எழுதப்படவில்லை. கெட்ட செய்தி சொல்வது எப்படி என்ற அத்தியாயம். "அப்புறம் பாக்கலாம் ஆச்சி," என்று தள்ளிக்கொண்டே போனான். நானும் வற்புறுத்தவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அவன் மனைவி இதே ஆஸ்பத்திரியில்தான் புற்றுநோயில் போனாள்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. இந்தக் கதைக்கு அது முக்கியம், அதனால் சொல்லிவிடுகிறேன். நோயாளி 'எனக்கு வலிக்கிறது' என்றால் நாங்களும் 'எனக்கு வலிக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவருக்கு வலிக்கிறதாம்' என்று சொல்லக்கூடாது. அவர் வாய் நம் வாய். சேர்க்கவும் கூடாது, விடவும் கூடாது. பொய் சொல்ல நினைக்கிற மொழிபெயர்ப்பாளன்தான் 'அவர் என்ன சொல்றார்னா' என்று ஆரம்பிப்பான் என்பது அட்ரியனின் கட்சி. 'நான்' என்று சொல்லிப் பொய் சொல்ல நாக்குக் கூசுமாம். அவன் மகள் அபிகெயில் பள்ளி விட்டு வந்து எங்கள் அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவளும் அந்த விதியை விளையாட்டாகக் கற்றுக்கொண்டாள். பலகாரத்தை யார் தின்றது என்று நான் கேட்டால், "'நான் தின்னல'ன்னு அப்பா சொல்றார்" என்பாள், அதாவது அது பொய் என்று. உடனே தகப்பனும் மகளும் கையடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பு அவள் அம்மாவோடு நின்றது. அபிகெயிலுக்கு அப்போது பத்து வயது. சின்னப் பிள்ளை தாங்காது என்று பேட்ரிசியா ஆன்ட்டி அவளை லாயாங் லாயாங்கில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டார். அம்மா மலாக்காவுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்தார்கள். அட்ரியனும் சரி என்று தலையாட்டினான். சவப்பெட்டியை மூடிய பிறகுதான் பிள்ளையை மாதா கோவிலுக்குக் கூட்டி வந்தார்கள். அந்தக் குழந்தை அழவில்லை. அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். இப்போது கடல் தாண்டி சபாவில், கோத்தா கினபாலுவில் படிக்கிறாள். விடுமுறைக்கும் அநேகமாக வருவதில்லை. போன் செய்தால் சாப்பிட்டேன், தூங்கினேன் என்பதோடு சரி.

இந்த வருஷம் அட்ரியனுக்கு வயிற்று வலி வந்தது. கண் மஞ்சளாயிற்று. பித்தக்குழாயில் கல் அடைத்திருக்கிறது, உள்ளே ஒரு குழாய் வைத்தால் சரியாகிவிடும் என்று அவன் நம்பினான். அப்படித்தான் அவனிடம் சொல்லப்பட்டது. குழாய் வைத்தார்கள். ஆனால் அது கல் இல்லை. கணையத்தில் புற்று, ஈரலுக்கும் பரவிவிட்டது. டாக்டர் அதை முதலில் சொன்னது அவன் அம்மாவிடம்.

பேட்ரிசியா ஆன்ட்டி என்னைக் கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போனார். கையில் செபமாலை.

"அவன்கிட்ட நீ வாயத் தொறக்கக் கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணு."

"ஆன்ட்டி, நான் முருகனைக் கும்பிடறவ."

"அப்ப ரெண்டு பேர் மேலயும் பண்ணு."

"அவனுக்கு எத்தனை நாள்னு டாக்டர் சொன்னாரு?"

"சில வாரம்." அவர் செபமாலையை உருட்டினார். "எத்தனை பேருக்கு இந்தச் சேதி சொன்ன நேரம் பக்கத்துல நின்னிருக்கேன் தெரியுமா? கேட்ட அன்னைக்கே பாதி செத்துடுவாங்க. எம்பிள்ள அப்படி சாகக்கூடாது. சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும்."

"அபிக்கு?"

"பரீட்சை முடியட்டும். புள்ள பயந்துடும்."

அலமாக், மறுபடியும் அதேதானா! எனக்குக் கோபத்தில் கண் இருட்டியது. பரீட்சை முடிவதற்குள் அவன் இருக்கமாட்டான் என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கத்துவது? சத்தியம் செய்து கொடுத்தேன்.

வார்டில் அட்ரியன் மகளுடன் போனில் பேசிக்கொண்டிருந்தான். "நீ வராதே கண்ணு. பரீட்சை முடிச்சுட்டு நிதானமா வா. அப்பா அப்ப எழுந்து ஓடுவேன், மெர்சிங் போலாம், போட் எடுத்துத் தீவுக்குப் போலாம். உன்கிட்ட பேச நிறைய இருக்கு. அம்மா விஷயம்தான். நேர்ல பேசறேன்." வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "இந்த தடவ அவகிட்ட மன்னிப்பு கேட்டுடணும் ஆச்சி. போன்ல கேட்டா நல்லா இருக்காது."

நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் மறுபடி கோபம்தான் மிஞ்சியது. யார் யாருக்கோ சாவை மொழிபெயர்த்த வாய் இது. சொந்தச் சிநேகிதனிடம் வந்தால் பூட்டா? டாக்டர் நல்ல மனிதர். அவன் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருந்தார். ஆனால் அவன் கேட்கவில்லை. ஊரார் நோயை எல்லாம் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பவன், தன் நோயைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவன் நோயைப் பற்றிப் பேசக்கூடாது என்றுதான் சத்தியம். சந்தனசாமியைப் பற்றிப் பேசக்கூடாது என்று யாரும் வாங்கவில்லையே.

மறுநாள் கையேட்டின் தாள்களை எடுத்துக்கொண்டு போனேன். பேட்ரிசியா ஆன்ட்டி பூசைக்குப் போயிருந்தார். அட்ரியன் ஆக்சிஜன் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். குரல் மிகவும் மெலிந்திருந்தது.

"கடைசி அத்தியாயத்தை முடிக்கலாம்," என்றேன்.

"இப்பவா?"

"இப்பதான்."

என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தான். "சரி. சந்தனசாமிக்கு இந்த தடவ என்ன?"

"கணையத்துல புற்று. ஈரலுக்குப் போயிடுச்சு."

அவன் கை போர்வையைப் பிடித்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்பி என்னைப் பார்த்தபோது அவன் குரலில் பதற்றம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"சந்தனசாமிக்கு எவ்வளவு நாள் இருக்கு?"

"சில வாரம்."

"அவருக்குப் பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு. சபாவுல."

"அவளுக்குச் சொல்லியாச்சா?"

"இல்ல. பரீட்சை முடியட்டும்னு வீட்டுல பெரியவங்க சொல்லிட்டாங்க."

"பாவம் சந்தனசாமி," என்றான். "ஒருதரம் பட்டும் அந்தக் குடும்பத்துக்குப் புத்தி வரல." கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்க வந்த என் கையைத் தள்ளினான். "எழுதுங்க ஆச்சி. வேலை வேலைதான்."

எழுதினோம். நம்பினால் நம்புங்கள், எழுதினோம். நோய் பரவிவிட்டது என்பதற்கு அரபில் 'பரவிவிட்டது' முதலில், பாரசீகத்தில் கடைசியில். இறந்தார் என்பதற்கு அரபில் 'எடுத்துக்கொள்ளப்பட்டார்' என்று ஒரு மரியாதைச் சொல் உண்டு என்றான். பாரசீகத்தில் பெரியவர் ஒருவர் இறந்தால் 'போய்விட்டார்கள்' என்று பன்மையில் சொல்வோம் என்றேன். பிறகு அவன் ஒரு வழக்கைச் சொன்னான். குவைத்தில் ஒருவர் இறந்த செய்தியைச் சொல்லும்போது, 'கொடுத்தார் உனக்குத் தன் ஆயுளை' என்பார்களாம்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "பாரசீகத்திலயும் அதேதான். 'தன் ஆயுளை உங்களுக்குக் கொடுத்தார்'னு சொல்வாங்க."

"அதேவா?"

"அதே. வரிசைதான் வேற."

"அப்ப கடைசியில ரெண்டும் ஒண்ணுதான்," என்று அவன் சிரித்தான். "அந்த ஜாவிக்காரர் ஜெயிச்சுட்டார்." சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை. நின்றதும், "அபிக்குப் போன் போடுங்க," என்றான்.

"நீயே பேசு."

"முடியாது. தமிழ்ல ஆரம்பிச்சா வாக்கியம் முடியற வரைக்கும் எனக்கு மூச்சு இருக்காது. சொல்ல வேண்டிய வார்த்தை கடைசியில இல்ல நிக்குது? அதுக்குள்ள உடைஞ்சிடுவேன். அரபுல சொல்றேன், முதல்லயே சொல்லிடலாம். நீங்க அவளுக்குத் தமிழ்ல சொல்லுங்க. நம்ம விதிப்படி."

போனைக் காதில் வைத்தேன். பக்கத்துப் படுக்கையில் ஆள் இருந்ததால் ஸ்பீக்கரில் போடவில்லை. அபிகெயில் எடுத்தாள். அட்ரியன் கண்ணை மூடிக்கொண்டு, "அமூத்," என்றான். சாகிறேன். ஒரே சொல். 'நான்' என்பதும் அதிலேயே இருந்தது, சாவும் அதிலேயே இருந்தது. பிறகு, "தஆலி," என்றான். பெண்ணைப் பார்த்து மட்டும் சொல்கிற 'வா'. என் பாரசீகத்தில் அப்படி ஒரு 'வா' கிடையாது.

"அபி, நான் சாகப் போறேன்," என்றேன். "வாம்மா."

அபி என் குரலைப் பிடித்துக்கொண்டாள். "சிகப்பி ஆன்ட்டிதானே? நீங்க 'நான்'னு சொல்றீங்க. அப்ப நெஜம்." குரல் உடைந்தது. "எனக்குப் பத்து வயசுல அப்பா பூட்டின கதவு ஆன்ட்டி. பாட்டி சோறு ஊட்டிவிட்டுக்கிட்டே 'அம்மா மலாக்காவுல இருக்கா'ன்னு சொன்னாங்க. அப்பாவும் போன்ல அதையேதான் சொன்னாரு. நான் அம்மாவை மலாக்காவுலேருந்து என்ன வாங்கிட்டு வரச் சொல்லலாம்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப மட்டும் நான் எதுக்கு? அவரைப் படுக்கையில பாக்க என்னால முடியாது. நான் வரமாட்டேன். இதை அப்படியே சொல்லிடுங்க." வைத்துவிட்டாள்.

அட்ரியன் கண்ணைத் திறந்து என் வாயையே பார்த்தான்.

சேர்க்கக் கூடாது, விடக் கூடாது. கேன்டீனில் அவன் அம்மாமேல் கோபப்பட்டவள் நான். மறைக்கிறார்களே, ஏமாற்றுகிறார்களே என்று பொருமியவள் நான். 'நான் வரமாட்டேன்' என்பது இரண்டே சொல். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

"அவ வர்றேன்னு சொல்றா," என்றேன்.

சொன்ன கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கும் தெரிந்துவிட்டது. எத்தனை வருஷம் ஒரே அறையில் இருந்தோம். 'அவ சொல்றா' என்று நான் அவனிடம் ஒரு வாக்கியத்தைக்கூட ஆரம்பித்ததில்லை.

"அவ சொல்றாளா," என்றான் மெதுவாக. கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான். "பரவால்ல ஆச்சி. ஒதுக்கி வைக்க எங்கிட்ட இருந்துதான் கத்துக்கிட்டா. ஒரு உபகாரம் பண்ணுங்க. ஒருநாள் அவ வந்து கேப்பா. அன்னைக்கு, நீ வருவேன்னு நான் நம்பினேன்னு சொல்லுங்க. 'அவர் நம்பினார்'னு சொல்லாதீங்க, அவ கண்டுபிடிச்சிடுவா. 'நான்'னு சொல்லுங்க."

"என்னால முடியாதுடா."

"முடியும். என் வாய் உங்க வாய்."

அதற்குள் பேட்ரிசியா ஆன்ட்டி உள்ளே வந்தார். கையில் தீர்த்தப் புட்டி. அட்ரியன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, வீட்டுக்குப் போனதும் லாயாங் லாயாங் கூரையை முதல்ல மாத்தணும், மழைக்கு ஒழுகுது," என்றான். ஆன்ட்டிக்கு முகம் மலர்ந்தது. "மாத்திடலாம்ப்பா," என்று புட்டியைத் திறந்தார். பொய் சொல்லாதவர் அந்த அறையில் ஒருவர்கூட இல்லை. எனக்கு வெளியே போய் மூச்சு விட வேண்டியிருந்தது.

அபிகெயிலுக்கு மறுபடி மறுபடி போன் செய்தேன். எடுக்கவில்லை. கெஞ்சி எழுதினேன், திட்டி எழுதினேன். எல்லாவற்றையும் படித்திருந்தாள் என்பது தெரிந்தது. பதில் மட்டும் வரவில்லை. அட்ரியனுக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் சொன்ன வாரங்கள்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா நெற்றியில் கை வைத்திருக்க, மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்விட்டான். அதுவரை அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் அவன் கண் அங்கே போய் வந்தது. அவள் வரமாட்டாள் என்று தெரிந்தும் போனது.

சாயங்காலம் நான் அவன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். படுக்கையில் புது விரிப்புப் போட்டிருந்தார்கள். வாசலில் யாரோ நின்றார்கள். முதுகுப் பை, சிவந்த கண். அபி செனாய் விமான நிலையத்திலிருந்து நேராக வந்திருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே கிளம்பிவிட்டிருக்கிறாள். நான் அன்றைக்குப் பொய் சொன்னேனே, 'அவ வர்றா' என்று, அது பாதி உண்மையாகி, கொஞ்சம் தாமதமாக, பையோடு என் முன்னால் நின்றது. அட பாவி மகளே, ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா!

அவள் படுக்கையைப் பார்த்தாள். கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் சொன்னதை அப்பாகிட்ட சொன்னீங்களா ஆன்ட்டி?" என்றாள். "வரமாட்டேன்னு சொன்னேனே. அப்பா என்ன சொன்னாரு?"

இத்தனை வருஷத் தொழிலில் 'நான்' என்ற சொல்லை வைத்து நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அவன் சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டேன். அவன் எப்படிச் சொல்லியிருப்பானோ அப்படியே சொன்னேன்.

"நீ வருவேன்னு நான் நம்பினேன், அபி."

அவள் என் கண்ணை உற்றுப் பார்த்தாள். அந்த விதி அவளுக்குத் தெரியும். நம்பிவிட்டாள்.